வீராவுக்குத் தீனி தேர்ந்தெடுத்த குழு

பட்டாசுத் தொழிலாளர் நலம் மற்றும் விபத்துத் தடுப்பு வாரியத்தில் பெத்தணன் நாய் பராமரிப்பாளராக வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு, அந்த வாரியத்தில் நாய் இல்லை. இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், பங்குனி மாதம். நாய்க்கு முன்னால் ஆளை எடுத்துவிடுவதுதான் முறை என்று கண்காணிப்பாளர் அய்யப்பன் விளக்கினார். நாய் வந்த பிறகு ஆள் தேடினால், இடைப்பட்ட நாட்களில் நாய்க்கு யார் பொறுப்பு என்று தணிக்கையில் கேள்வி வருமாம். பெத்தணன் ஒரு மாதம் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஒரு புதுச் சங்கிலியோடு, வராந்தாவில் உட்கார்ந்திருந்தான்.

அதற்கு முன் பதினான்கு வருஷம் தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் குழாய்களுக்கு மருந்து செலுத்திக்கொண்டிருந்தவன். ஒரு சீசன் நெருக்கத்தில் பக்கத்து அறை தீப்பிடித்து வலது கையில் மூன்று விரல்கள் மடங்காமல் போயின. அந்தக் கையைப் பார்த்துத்தான் வாரியம் இரக்கப்பட்டது. தினக்கூலிதான், ஆனால் ஒழுங்காக நடந்துகொண்டால் நிரந்தரம் செய்துவிடலாம் என்று அய்யப்பன் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பெத்தணனும் அவன் மனைவி முத்துப்பேச்சியும் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போய் மாவிளக்குப் போட்டுவிட்டு வந்தார்கள்.

சித்திரையில் நாய் வந்தது. பதிவேட்டில் அதன் பெயர் வீரா, ஆண், வயது இரண்டு, வெடிமருந்தை மோப்பம் பிடிக்கச் சிறப்புப் பயிற்சி பெற்றது. வாரியத் தலைவரின் வீட்டுக் காரிலிருந்து இறங்கியது பெட்டை. வயது ஒன்பது இருக்கும். இடுப்பு, தண்ணீர் டிரம் மாதிரி இருந்தது. பெத்தணன் 'வீரா, வீரா' என்று தொண்டை வற்றக் கூப்பிட்டான். அது திரும்பியே பார்க்கவில்லை. டிரைவர் அவனைத் தனியே அழைத்து, ஸ்வீட்டி என்று கூப்பிட்டால் வரும், ஆனால் யார் காதிலும் விழாமல் கூப்பிட வேண்டும் என்றார்.

தலைவர் வீட்டுச் செல்ல நாய் வாரியத்தின் ஊழியரானது இப்படித்தான். காலையில் கார் கொண்டுவந்து விடும், மாலையில் வந்து ஏற்றிப் போகும். நடுவில் குழுக்கூட்ட அறையில் ஏசியைப் போட்டு, மேஜைக்கு அடியில் அது தூங்கும். உரிமம் இல்லாமல் பட்டாசு பதுக்கிய ஒரு கிட்டங்கிக்கு ஒரே ஒரு முறை அதை ஜீப்பில் அழைத்துப் போனார்கள். கந்தக வாடை பட்டதும் மூன்று தும்மல் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டது. 'மூன்று முறை எச்சரிக்கை விடுத்தது' என்று அய்யப்பன் பதிவேட்டில் எழுதினார்.

ஆடி மாதம் நாய்க்கு அரிப்பு வந்தது. முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. ஓய்வு பெற்ற கால்நடை டாக்டர் செல்லப்பாண்டியை ஆலோசகராக அழைத்தார்கள். அவர் நாயின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார், விலாவை அழுத்திப் பார்த்தார், தினமும் எவ்வளவு தூரம் நடக்கிறது என்று கேட்டார். மேஜையிலிருந்து கார் வரைக்கும் என்றான் பெத்தணன்.

"வயசான நாய், எடையும் அதிகம். கடையில வயசான நாய்க்குன்னே தனியாப் பை விக்கிறான், கொழுப்புக் கம்மியா இருக்கும். பையோட பின்பக்கம் படிச்சுப் பாருங்க. மொதப் பேரே எறைச்சின்னு இருந்தா வாங்குங்க, சோளம்னு இருந்தா திருப்பி வச்சிருங்க. காலாவதித் தேதியைப் பாத்து, அளந்து போடுங்க. அம்புட்டுதான்," என்றார் டாக்டர்.

ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய காரியம். ஏழு மாதம் இழுத்தது.

"டாக்டர், நீங்க சொல்றது எந்த நாய்க்கு?" என்று அய்யப்பன் பணிவாகக் கேட்டார்.

"இந்தா படுத்துக் கெடக்கே, இதுக்குத்தான்."

"இந்த நாய் கோப்புல இல்லீங்களே. கோப்புல இருக்கறது ரெண்டு வயசு ஆண் நாய், எட்டு மணி நேரம் ஓடியாடி வேலை பாக்குது. வயசான நாய்க்குத் தீனி வாங்கினா, வாலிப நாய் எங்கேன்னு கேப்பாங்க."

டாக்டர் தன் பையை மூடிக்கொண்டார். வாரியம் நாய் உணவுத் தேர்வுக் குழுவை அமைத்தது. தலைவர், அய்யப்பன், டாக்டர் என்று மூன்று பேர். நாயை அறையை விட்டு எழுப்ப முடியாததால் அதைக் கவனிக்கும் பெத்தணனும் எல்லாக் கூட்டத்திலும் சுவரோரம் நின்றான்.

முதல் கூட்டத்தில் தலைவர் நாற்பது நிமிடம் பேசினார். வாரியம் தொடங்கிய நாளிலிருந்து எந்த உயிரின் விஷயத்திலும் அவசர முடிவு எடுத்ததில்லை என்றார். எத்தனையோ விபத்துகளின் அறிக்கைகள் பத்து வருஷமாக ஆழ்ந்த பரிசீலனையில் இருப்பதே அதற்குச் சான்று என்றார். கடைசியில், கோப்பில் உள்ள நாய்க்குத் தகுந்த தீனியை வாங்கி, அறையில் உள்ள நாய்க்குப் போடுவது என்று முடிவானது. அது இன்னும் பெருத்துவிடும் என்றார் டாக்டர். பெருப்பது கோப்பில் தெரியாது என்றார் அய்யப்பன்.

இரண்டாம் கூட்டத்தில் மாதிரிகள் கேட்பது பற்றிப் பேசினார்கள். கைப்பிடி அளவு மாதிரியை வைத்துத் தரத்தைத் தீர்மானிப்பது அறிவியலுக்கு ஒவ்வாது என்று தலைவர் கருதியதால், ஒவ்வொரு கம்பெனியும் ஒரு மூட்டை அனுப்ப வேண்டும் என்று எழுதினார்கள். மதுரையிலிருந்து பதினோரு மூட்டைகள் லோடு ஆட்டோவில் வந்து இறங்கின. உருண்டை, சக்கரம், எலும்பு வடிவ பிஸ்கட் என்று விதவிதமாக இருந்தன. மூட்டைகளின் மேல் அச்சிட்டிருந்த நாய்கள் எல்லாம், தாயில்பட்டியில் யாருக்கும் இல்லாத ஆரோக்கியத்தோடு சிரித்துக்கொண்டிருந்தன.

இதற்கு நடுவில் ஆவணி மாதம் முத்துப்பேச்சி ஒரு மனுவைக் கொடுத்து அனுப்பினாள். அவள் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில் பதினோரு பேரை உட்கார வைத்திருந்தார்கள். தீப்பிடித்தால் அணைக்க வைத்திருந்த தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டுக் காய்ந்து கிடந்தது. உள்ளே ஆடு படுத்திருந்தது. பதினோரு பெண்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பெத்தணன் அதைத் தபால் பிரிவில் கொடுத்து எண் வாங்கினான். மறுவாரம் விசாரித்தபோது, ஆய்வுக் குழு கூடினால்தான் மனுவைப் பிரிக்க முடியும் என்றார்கள். ஆய்வுக் குழுவில் இருப்பதும் தலைவரும் அய்யப்பனும்தான். அவர்கள் நாய் உணவில் இருக்கிறார்கள்.

தீபாவளி சீசன் முடிந்தது. நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை. மனு பிரிக்கப்படவும் இல்லை.

கார்த்திகையில் நடந்த மூன்றாம் கூட்டத்தில் அய்யப்பன் ஒரு பழைய உத்தரவைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தார். வாரியம் வாங்கும் எந்த உணவுப் பொருளையும், உரியவருக்கு வழங்கும் முன் பொறுப்பான ஒருவர் உண்டு பார்த்துச் சான்றளிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. எப்போதோ பயிற்சி வகுப்பில் ஊசிப்போன வடை கொடுத்ததற்காகப் போட்ட உத்தரவு. வடை என்று அதில் எழுதாமல் உணவுப் பொருள் என்று எழுதியிருந்தார்கள்.

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். தலைவர் உத்தரவை மெச்சினார். ஆனால் தலைவரே உண்டு பார்ப்பது பதவிக்குரிய நடைமுறை அல்ல என்று வருந்தினார். அய்யப்பன் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். டாக்டர், தான் ஆலோசகர் மட்டுமே, ஊழியர் அல்ல என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர், அதன் பிறகு வரவே இல்லை. மூன்று பேர் போக அறையில் இருந்தது பெத்தணனும் நாயும்தான்.

பதினோரு எவர்சில்வர் தட்டுகளை மேஜையில் வரிசையாக வைத்தார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு படிவம். மணம், நிறம், சுவை, மெல்லும் தன்மை, உண்டபின் மனநிலை என்று ஐந்து கட்டங்கள். பெத்தணன் முதல் உருண்டையை வாயில் போட்டான். மரத்தூளைக் கருவாட்டுத் தண்ணீரில் பிசைந்து காயவைத்த மாதிரி இருந்தது. இரண்டாவதில் எண்ணெய்ச் சிக்கு வாடை. மூன்றாவது பல்லில் ஒட்டிக்கொண்டு நாக்கால் தள்ளினாலும் வரவில்லை. ஐந்தாவது தட்டுக்கு வரும்போது, கோழிக்கடை வாசலில் கழிவு டின்னை வெயிலில் திறந்து வைத்த வாடை, அடிவயிற்றிலிருந்து ஏறி மூக்கு வழியாக வந்தது. தண்ணீர் கேட்டான். தண்ணீர் குடித்தால் சுவை கலந்துவிடும் என்று அய்யப்பன் தடுத்தார். மேஜைக்கு அடியில் நாய் தலையைத் தூக்கி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

மனநிலைக் கட்டத்தில் 'வாந்தி வருது' என்று எழுதினான். வாந்தி உடல்நிலை, மனநிலை அல்ல என்று அய்யப்பன் அதை அடித்துவிட்டுத் தன் கையாலேயே 'திருப்தி' என்று எழுதினார். கடைசியில், 'மேற்கண்ட உணவுப் பொருட்கள் உண்ணத் தகுந்தவை' என்ற வரிக்குக் கீழே பதினோரு இடத்தில் பெத்தணன் கையெழுத்துப் போட்டான். மடங்காத விரல்களால் பேனாவைப் பிடிப்பது சிரமமாக இருந்தது. பொறுமையாகப் போடு, நிரந்தரம் ஆனால் நிறையக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும் என்று அய்யப்பன் தட்டிக்கொடுத்தார்.

வீட்டுக்குப் போன பிறகு மூன்று தடவை வாய் கொப்பளித்தான். முத்துப்பேச்சி தோசை சுட்டு வைத்தாள். அவன் தொடவில்லை. என்ன என்று துருவித் துருவிக் கேட்டபோது சொல்லிவிட்டான். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் அடுப்பை அணைத்துவிட்டு அவன் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"திங்கச் சொன்னவுகள விடுங்க. நிரந்தரம்னு சொன்னா இன்னும் என்னென்ன திம்பீக?" என்று கேட்டாள்.

அவன் எழுந்து போய் நான்காவது தடவை வாய் கொப்பளித்தான்.

தை மாதம் ஐந்தாம் கூட்டத்தில் முடிவு வந்தது. அதற்குள் அரிப்பு முற்றி, நாயின் முதுகில் கையகலம் தோல் தெரிந்தது. தலைவரின் மனைவி தொலைபேசியில் கூப்பிட்டு, ஸ்வீட்டி வீட்டு ஆட்டுக்கறியும் சோறும் தவிர எதையும் மோந்துகூடப் பார்ப்பதில்லை என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனவே, வீராவுக்கான உணவை அனுபவம் வாய்ந்த ஒரு சமையலறையிலிருந்து, அதாவது தலைவர் வீட்டிலிருந்து, வாரியத்தின் செலவில் பெறுவது என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. வேறு கம்பெனிகள் போட்டிக்கு வரவில்லை என்றும் குறித்துக்கொண்டார்கள்.

பதினோரு மூட்டைகள் மிஞ்சின. தூக்கிப் போட முடியாது. உண்ணத் தகுந்தவை என்று சான்று இருக்கிறது. உண்ணத் தகுந்த பொருளை வீணாக்குவது குற்றம் என்பதற்கும் ஓர் உத்தரவு இருந்தது. காலாவதித் தேதியோ மாசிக் கடைசி. மாசியில் பாதுகாப்பு வார விழா வருகிறது, தொழிலாளர்களுக்குச் சத்துணவுப் பொட்டலமாகக் கொடுத்துவிடலாம் என்று அய்யப்பன் யோசனை சொன்னார். தலைவர் எழுந்து நின்று அவர் கையைக் குலுக்கினார்.

பொட்டலம் போடும் வேலை பெத்தணனுக்கு வந்தது. எலும்பு மாதிரித் தெரியக் கூடாது, பிஸ்கட்டின் இரண்டு முனையையும் ஒடித்துவிடு என்று அய்யப்பன் செய்து காட்டினார்.

"அய்யா, இது நாய்த் தீனி," என்றான் பெத்தணன்.

"எந்தக் கோப்புல அப்படி இருக்கு? உணவுப் பொருள்னுதான் இருக்கு. தின்னு பாத்தவன் நீ. உனக்கு ஏதாவது ஆச்சா?"

ஒன்றும் ஆகவில்லைதான். நான்கு நாள் பின்அறையில் உட்கார்ந்து பெத்தணன் முனைகளை ஒடித்தான். ஒடித்ததை வெள்ளைத்தாளில் மடித்து, 'சத்துணவு, வாரியத்தின் அன்பளிப்பு' என்ற லேபிளை ஒட்டினான். முத்துப்பேச்சியிடம் மட்டும் விழாவுக்கு வராதே என்று சொன்னான். காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை. வராவிட்டால் அன்றைய வேலை இல்லை என்று கம்பெனியில் சொல்லிவிட்டதாக அவள் சொன்னாள்.

விழா தாயில்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. கம்பெனி வேன்களில் முந்நூறு பெண்களை அடைத்துக் கூட்டி வந்திருந்தார்கள். தலைவர் பேசினார். தொழிலாளி சாப்பிடுவதைத்தான் தானும் சாப்பிடுவதாகவும், இந்தச் சத்துணவைத் தேர்ந்தெடுக்க உயர்மட்டக் குழு ஏழு மாதம் ஊண் உறக்கமின்றி உழைத்ததாகவும், ஒவ்வொரு வகையும் மனிதரால் உண்டு பரிசோதிக்கப்பட்டதாகவும் சொன்னார். கடைசியாகச் சொன்னது மட்டும் உண்மைதான் என்று பெத்தணனுக்குத் தெரியும். பத்திரிகைக்காரர் ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

தலைவர் பொட்டலத்தை எடுத்துக் கொடுக்க, பெத்தணன் தட்டை ஏந்தி நின்றான். வரிசையில் முதல் ஆள் வாங்கினாள், இரண்டாவதாக அய்யம்மாள் என்ற மூத்த தொழிலாளி வாங்கினாள். மூன்றாவது முத்துப்பேச்சி. அவள் கை நீட்டியபோது பெத்தணன் தட்டைப் பின்னுக்கு இழுத்தான்.

"வாங்காத. நான் தின்னது இதுதான்," என்றான்.

மெதுவாகத்தான் சொன்னான். தலைவருக்கு முன்னால் இருந்த மைக் அதை மண்டபம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. முத்துப்பேச்சி அவன் முகத்தைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், பிறகு திரும்பி, இது தலைவர் வீட்டு நாய்க்கு வாங்கிய தீனி என்று அய்யம்மாளிடம் சொன்னாள். அதையும் மைக் கொண்டுபோனது.

அய்யம்மாள் தன் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு பிஸ்கட்டை எடுத்துத் தலைவருக்கு முன்னால் நீட்டினாள். அறுபது வயசுக்காரி, நாற்பது வருஷமாகத் திரி வெட்டியவள்.

"நாங்க திங்கறதத்தான் நீங்களும் திங்கறதாச் சொன்னீக. மொதல்ல நீங்க ஒரு வாய் சாப்பிடுங்க, பெறகு நாங்க வாங்கிக்கிடுதோம்," என்றாள்.

பத்திரிகைக்காரர் கேமராவைத் தூக்கினார். தலைவர் அய்யப்பனைப் பார்த்தார். அய்யப்பன் கூரையைப் பார்த்தார். தலைவர் பிஸ்கட்டை வாங்கிச் சிரித்தபடியே கடித்தார். மென்றார். சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, கண் மட்டும் கலங்கியது. விழுங்கி முடித்ததும் அய்யம்மாள் இரண்டாவதை நீட்டினாள். அவர் அதை வாயில் வைத்துக்கொண்டிருந்த சமயம் பார்த்து, தண்ணீர்த் தொட்டி மனு என்ன ஆனது என்று முத்துப்பேச்சி கேட்டாள். வாய் நிறைந்திருந்ததால் தலைவர் தலையை மட்டும் ஆட்டினார். பெண்கள் பொட்டலங்களை மேடை ஓரத்தில் வரிசையாக வைத்துவிட்டு வேனைத் தேடிப் போனார்கள்.

மறுநாள் பத்திரிகையில், தொழிலாளர்களின் சத்துணவை அவர்களோடு சேர்ந்து உண்ட எளிமையான தலைவரின் படம் வந்தது. தொட்டியைச் சரிசெய்யத் தலைவர் ஒப்புக்கொண்டதாகக் கீழே இரண்டு வரி. அச்சில் வந்துவிட்டதால் வேறு வழி இல்லாமல் ஒரே வாரத்தில் விரிசலைப் பூசித் தண்ணீர் நிரப்பினார்கள். அறையில் பதினோரு பேர் இருப்பது பத்திரிகையில் வராததால், அந்தப் பதினோரு பேரும் அப்படியே இருந்தார்கள்.

பெத்தணனை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அய்யப்பன் கோபப்படவில்லை. நாற்காலியில் உட்காரச் சொன்னார். அந்த அறையில் அவன் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"நீ சொன்னது உண்மைன்னா, திங்கலாம்னு போட்ட கையெழுத்து பொய். கையெழுத்து உண்மைன்னா, மேடையில சொன்னது பொய். ரெண்டுல எதுக்கு மெமோ குடுக்கன்னு நீயே சொல்லு."

அய்யப்பன் ஒரு தாளை நகர்த்தினார். அன்றைக்கு வெயிலில் மயக்கமாக இருந்தது, என்ன பேசினேன் என்று நினைவில்லை என்று அதில் டைப் அடித்திருந்தது. கையெழுத்துப் போட்டால் அடுத்த மாதமே நிரந்தரம். தொழிலாளிக்கு எது கொடுத்தாலும் இனி ஒருவர் தின்று பார்க்க வேண்டும் என்று தலைவர் உத்தரவு போட்டிருக்கிறார், சுவைப் பரிசோதகர் என்று ஒரு பதவியையே உண்டாக்கியாயிற்று, அது உன்னால் வந்த சீர்திருத்தம் என்று மனதாரப் பாராட்டினார்.

"தலைவரும் அன்னைக்குத் தின்னாரே. மனநிலையக் கேட்டு அவர்கிட்டயும் படிவம் நெரப்புனீகளா?" என்று கேட்டான் பெத்தணன்.

"அவர் தின்னது உணவு இல்லப்பா. அது நிகழ்ச்சி," என்றார் அய்யப்பன். கேலி எதுவும் இல்லாமல்தான் சொன்னார்.

பெத்தணன் பேனாவை எடுத்தான். தாளின் மேல் கொஞ்ச நேரம் பிடித்திருந்தான். அந்த ஐந்தாவது தட்டின் வாடை மறுபடி மூக்கில் ஏறியது. பேனாவை மூடி வைத்தான். எழுந்து காக்கிச் சட்டையைக் கழற்றி, இடது கையாலேயே நிதானமாக மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு, பனியனோடு பஸ்ஸுக்கு நடந்தான். வீட்டில் முத்துப்பேச்சி பனியனைப் பார்த்தாள். சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைத்தாள்.

சிவகாசியில் ஒரு அச்சாபீஸில் லேபிள் அடுக்கும் வேலை கிடைத்தது. நின்றபடியே செய்ய வேண்டும், நிரந்தரம் என்ற பேச்சே கிடையாது. இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் வேலைக்குப் போகும்போது, வாரியத்துக்கு முன்னால் பஸ் நின்றுவிட்டது. வாசலிலிருந்து சாலைவரைக்கும் ஒரு வரிசை. பெரும்பாலும் பட்டப்படிப்பு முடித்தவர்கள், எல்லோர் கையிலும் சான்றிதழ் வைத்த பை. சுவைப் பரிசோதகர் வேலைக்கு இன்று நேர்முகத் தேர்வு, ஒரு இடத்துக்கு முந்நூற்று நாற்பது பேர் என்று கண்டக்டர் சொன்னார்.

வரிசையிலிருந்து ஒரு பெண் அவனை அடையாளம் கண்டு ஜன்னலுக்கு ஓடி வந்தாள். அய்யம்மாளின் தங்கை மகள் பாண்டிலட்சுமி, பி.காம். முடித்தவள். அவனுக்கு அந்த வேலை தெரியும் என்று அவளுக்கும் தெரிந்திருந்தது.

"அண்ணே, உள்ள என்ன குடுப்பாக? சமாளிச்சிரலாமா?" என்று மூச்சிரைக்கக் கேட்டாள். பதற்றத்தில் பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

போகாதே என்று சொல்ல வாய் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அதைச் சொல்ல முடியவில்லை. பஸ் உறுமி நகர ஆரம்பித்தது.

"மொத நாளு கொமட்டும் தாயி," என்றான். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அவள் கூடவே இரண்டு எட்டு நடந்தாள். "ஒரு நாளைக்குக் கொமட்டாமப் போகும். அதுக்கு மேல அங்கன இருந்துராத."

அவள் அவசரமாகத் தலையை ஆட்டிவிட்டு, இடம் போய்விடுமோ என்று வரிசைக்குத் திரும்பி ஓடினாள்.